மூன்றாவது டாப்பட்

சாவி என் பாக்கெட்டில் இருக்கு அண்ணே. கேட்காதீங்க, தர மாட்டேன்.

சுவரைப் பாருங்க. சாக்பீஸில் பதினொன்று ஐந்து என்று எழுதியிருக்கேன். அப்போதுதான் கேம் ஷாஃப்டை உட்கார வைத்துக் கடைசி போல்ட்டை முறுக்கினேன். அதிலிருந்து அரை மணி நேரம் இந்த இன்ஜினை யாரும் ஒரு சுற்றுகூடச் சுற்றக் கூடாது. பெல்ட்டை மாட்டி, மூடியைப் போட்டு, கையைத் துடைக்கிறேன், நீங்க வண்டி இழுக்கிற லாரியை ரிவர்ஸில் கொண்டுவந்து வாசலை அடைச்சு நிறுத்திட்டீங்க. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. உட்காருங்க. அந்த டயர் மேலே உட்காருங்க, ஸ்டூலுக்கு ஒரு கால் இல்லை.

உங்க மேல எனக்குக் கோபம் கிடையாது. மொக்கராசு மாமா அனுப்பினார், வந்தீங்க. என்ன சொல்லி அனுப்பினார்? 'சத்தமில்லாம ஓடுனா விட்டுட்டு வா, சின்னதா டிக் டிக்னு கேட்டாலும் தூக்கிட்டு வந்துரு.' அதானே? காலையில் போன் பண்ணி எனக்கும் அதையேதான் சொன்னார். மாமான்னா சொந்த மாமா இல்லை. வண்டி அவரோடது. கார் ஸ்டாண்டுக்குத் தலைவரும் அவர்தான். ஸ்டாண்டில் பதினோரு கார், பதினொன்றும் எங்க ஷெட்டுக்குத்தான் வரும். இந்த வண்டி உங்க கொக்கியில் தொங்கிக்கிட்டு போடி பஜார் வழியாத் தேனிக்குப் போச்சுன்னா, நாளைக்கே மிச்சம் பத்தும் அது பின்னாலேயே போயிடும். அப்புறம் நானும் எங்க அப்பாவும் இந்த ஷெட்டில் எதிர் கிடங்குக்காரங்களுக்கு ஏலக்காய் காயப்போட வேண்டியதுதான். வேற ஒரு வண்டியும் வராது.

அதனால் இருபது நிமிஷம் உட்காருங்க. டீ குடிங்க. மிச்சம் இருக்கிறதைக் குடிங்க.

எதுக்கு அரை மணின்னு கேட்டீங்களே. உங்க லாரியில் டாப்பட்டுக்குத் தகடு மாதிரி கேஜ் வைச்சு இடைவெளி பார்ப்பாங்க இல்லையா? இதில் அந்த இடைவெளியே கிடையாது. டாப்பட்டுக்குள்ளே எண்ணெய் நிரம்பி, அதுவே உயர்ந்து ஒட்டிக்கும். கேம் ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் நடுவில் சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும், எட்டு. மாட்டுறதுக்கு முன்னால் அதுக்குள்ளே இருக்கிற காற்றையெல்லாம் வெளியே எடுத்து எண்ணெயை ஏற்றணும். அதோ டிபன் பாக்ஸ் தெரியுதா? நான் ஸ்கூலுக்குக் கொண்டுபோனது. அது நிறையப் புது ஆயில் ஊற்றி, டாப்பட்டை முங்க வைச்சு, அடியில் இருக்கிற ஓட்டையில் சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டு அழுத்தணும். குமிழ் வரும். விடணும். மறுபடி அழுத்தணும். குமிழ் நிற்கிற வரைக்கும். ஒன்றுக்கு நாற்பது தடவை ஆகும். காற்று இருந்தா கட்டை விரலுக்கு இட்லி மாதிரி அமுங்கும். எண்ணெய் முழுசா இறங்கிட்டா கல்.

கல்லானதும் சந்தோஷமா எடுத்து மாட்டலாம். ஆனா சுற்றக் கூடாது. எட்டும் தேவைக்கு மேல உயரமா நிற்கும், வால்வைக் கீழே தள்ளிக்கிட்டு நிற்கும். வால்வு ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமா அதை அமுக்கி, கூடுதலா இருக்கிற எண்ணெய் கசிஞ்சு, அதது தன் உயரத்துக்கு இறங்கணும். அதுக்குத்தான் அரை மணி. அதுக்கு முன்னால் சாவியைத் திருப்பினா, கீழேயிருந்து வர்ற பிஸ்டன் திறந்துகிடக்கிற வால்வில் போய் இடிக்கும். வால்வு வளைஞ்சிடும்.

எப்படித் தெரியும்னா, இடிச்சேன். போன வெள்ளிக்கிழமை.

இருங்க, எல்லாத்தையும் சொல்றேன். எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்க வராது. பேசாம இருந்தா கை தானா பாக்கெட்டுக்குப் போகுது. ஸ்கூலிலும் அதே கதைதான். பிளஸ் ஒன் பாதியில் நின்னேன். ஃபெயிலாகி நிற்கலை, சலிச்சுப்போய் நின்னேன். அதே மாசம்தான் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சது. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லாரும் சேர்த்து வைச்சுப் பேசுவாங்க, நீங்களும் பேசாதீங்க.

அப்பா கை நடுங்குறது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு, பாதி டீ உங்க சட்டையில்தான் இருக்கு. மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கு அவருக்கு டென்ஷன், அதான் கூடுதல். மற்றபடி வெளியே யாருக்கும் தெரியாது. ஒன்றரை வருஷமா அப்படி ஒரு ஏற்பாடு வைச்சிருக்கோம். ஸ்டாண்டுக்காரங்க யாராவது வந்தா அப்பா ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டு இன்ஜின் மேலே குனிஞ்சு நிற்பார். நான் பக்கத்தில் லைட் பிடிப்பேன். அவங்க போனதும் மாத்திக்குவோம். சில நேரம் ஸ்பேனர் இன்ஜின் மேலே பட்டுக் கடகடன்னு சத்தம் வரும், அதுக்கு நான் ரேடியோவைக் கூட்டி வைச்சிடுவேன். ஒரு ஆளுக்கும் சந்தேகம் வந்தது கிடையாது. ஜக்கையன் ஒர்க் ஷாப்னா ஜக்கையன்தான் செய்றாருன்னு நம்பிக்கிட்டு இருக்காங்க. என் பேர் லைட்டு. 'ஏய் லைட்டு, அப்பா எங்க?' சுருளின்னு ஒரு டிரைவர், அவன் வைச்ச பேர்.

இந்த வண்டி பெல்ட் அறுந்து வந்தது. இன்ஜினோட மேல் பாகம், அந்த ஹெட்டைப் பிரிச்சு எல்லாம் மாத்த வேண்டியிருந்தது. அப்பாவுக்கு இந்த எண்ணெய் டாப்பட் பழக்கமே இல்லை, அவர் கேஜ் காலத்து ஆள். நான்தான் போனில் வீடியோ பார்த்தேன். பழைய சர்வீஸ் புத்தகம் ஒன்றை யாரோ பக்கம் பக்கமாப் படம் பிடிச்சுப் போட்டிருந்தாங்க, எழுத்துக் கூட்டிப் படிச்சேன். அதில் ஒரு இடத்தில் கட்டம் கட்டி எழுதியிருந்தது, அரை மணி நேரம் ஸ்டார்ட் பண்ணாதேன்னு. படிச்சேன் அண்ணே. படிக்காம இல்லை. அப்பாகிட்டதான் சொல்லலை. சொன்னா அவருக்கும் தெரிஞ்ச விஷயமா ஆயிடும். ஒன்றாவது எனக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்கட்டும்னு நினைச்சேன். தப்பா?

வெள்ளிக்கிழமை பத்து பத்துக்குக் கேமைப் பூட்டி முடிச்சேன். அப்போ மாமா வந்தார். கூடவே அவர் சம்சாரம் பேச்சியம்மா அத்தை, தாம்பாளத்தில் சூடம், நாலு எலுமிச்சம்பழம். சும்மா இருக்கிற டிரைவர் ஆறேழு பேரும் பின்னாலேயே வந்துட்டாங்க. இன்ஜின் பிரிச்ச வண்டி முதல்ல உறுமுறதைப் பார்க்கக் கல்யாணத்துக்கு வர்ற மாதிரி வருவாங்க.

அத்தை நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழத்தை வைச்சுட்டு, "ஏத்தா, பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள பழத்த நசுக்கி வண்டிய வெளிய எடுத்துரணும். ம், சீக்கிரம்" என்றார்.

"பன்னெண்டுக்கு மேல எடுத்தா என்னத்தே?" என்றேன்.

"பன்னெண்டுக்கு மாமா மூணாறு போகணும்ல? வாடகைக்குச் சொல்லியாச்சு. என்ன புள்ள இது, நல்ல காரியத்துல குறுக்கப் பேசிக்கிட்டு."

அதுக்குச் சுருளி சிரிச்சான். "இஞ்சினு பிரிச்ச மனுசனே வாயத் தொறக்கல. லைட்டு பிடிக்கிறது நேரம் குறிக்குது. ஏய் லைட்டு, தள்ளி நில்லு. ஜக்கையண்ணே, நீங்க ஏறுங்கண்ணே."

எல்லாரும் சிரிச்சாங்க. அப்பா சிரிக்கலை. என் பக்கம் குனிஞ்சு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "திருப்பலாமாத்தா?" என்று கேட்டார்.

அப்போ மணி பத்து இருபத்தஞ்சு. பதினைஞ்சு நிமிஷம்தான் ஆகியிருக்கு. 'வேண்டாம்ப்பா, இன்னும் பதினைஞ்சு நிமிஷம்' என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை. சொன்னா, ஏன்னு கேட்பாங்க. ஏன்னு நான் விளக்கினா, வேலை செஞ்சது யாருன்னு தெரிஞ்சிடும். அதான் காரணம்னு அஞ்சு நாளா எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். நான் எதையும் யோசிக்கலை. சுருளி மூஞ்சியைப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்தேன். திருப்பினேன்.

டக்.

ஒரே ஒரு சத்தம் அண்ணே. பெரிசாக்கூட இல்லை. பாத்திரத்தைக் கல்லில் வைச்ச மாதிரி. அதோட நின்னுபோச்சு. மறுபடி திருப்பக் கை வரலை. நாலு எலுமிச்சம்பழமும் முழுசாக் கிடக்கு, தாம்பாளத்தில் சூடம் எரிஞ்சுக்கிட்டே இருக்கு.

மாமா கேட்டார்: "என்னண்ணே இது?"

நான் இறங்கி வாயைத் திறக்கிறதுக்குள்ள அப்பா முன்னால வந்து நின்னார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கிட்டு. "வேலை என்னுது மொக்கராசு. கணக்குத் தப்பிருச்சு. திருப்பச் சொன்னதும் நான்தான், புள்ள சொன்னதச் செஞ்சது."

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க! ராத்திரி பகலா ஹெட்டைப் பிரிச்சது நான். எட்டு டாப்பட்டையும் ஒவ்வொன்றா அழுத்தினது நான். அந்த டக் சத்தம்கூட என்னுது. அதையும் எடுத்துக்கிட்டார். எது ஒன்றையும் என் பேரில் விட்டுவைக்க மாட்டார்.

மாமா அப்பா முதுகுப் பக்கமாவே எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தார். அங்க என்ன இருக்குன்னு பார்த்தாரோ தெரியலை. அப்புறம் மெதுவா, "புதன்கிழமை வரைக்கும் பாக்குறேண்ணே. அதுக்கு மேல தேனிக்கு அனுப்பிருவேன். ஸ்டாண்டுல எனக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்குல" என்று சொல்லிட்டுப் போனார். பேச்சியம்மா அத்தை போகும்போது என் தலையைத் தடவிட்டுப் போனாங்க. அதுவும் எதுக்குன்னு புரியலை.

எல்லாரும் போனதும் நான் அப்பாகிட்ட நேரா கேட்டேன். "ஏம்ப்பா, என் வேலைய உங்க வேலைன்னு சொன்னீங்க?"

அவர் அந்த டிரம் மேலே உட்கார்ந்து, "நல்லா வந்திருந்தா உன் வேலைன்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

இது என்ன பேச்சு அண்ணே? ஒன்றரை வருஷமா நல்லாத்தானே வந்தது? அப்பல்லாம் சொன்னாரா? அதையும் கேட்டேன். "இத்தனை வண்டி போச்சே, ஒன்றுக்காவது சொன்னீங்களா?" எழுந்து டீ வைக்கப் போயிட்டார்.  அதிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. டீ வைப்பார், பக்கத்தில் வைச்சுட்டுப் போவார். சிந்தும். நான் துடைச்சுட்டுக் குடிப்பேன்.

மறுபடி ஹெட்டைத் தூக்கினா நாலு வால்வு வளைஞ்சிருந்தது. புதுசு வாங்கி, உட்காருமிடத்தைத் தேய்ச்சு, டீசல் ஊற்றி ஒழுகுதான்னு பார்த்து, எல்லாம் முடிச்சு, இன்னைக்குப் புதன்கிழமை, காலையில் டாப்பட்டுக்கு எண்ணெய் ஏற்றி... மணி என்ன?

பதினொன்று முப்பத்திரண்டு. மூணு நிமிஷம். உங்க போனில்? அதிலும் அதேதான்.

பேசாம இருப்போம் அண்ணே. மூணு நிமிஷம்.

சரி. முப்பத்தஞ்சு. சுவரில் நீங்களே எழுதுங்க, எனக்குக் கை ஈரமா இருக்கு. நான் முதல்ல கையால்தான் சுற்றுவேன். வெள்ளிக்கிழமை இதையும் செய்யலை, அதையும் ஒத்துக்கிறேன். இந்த ஸ்பேனரைப் போட்டு மெதுவா... எங்கேயும் இடிக்கக் கூடாது... ஒரு சுற்று... இந்த இடம்தான், இங்கேதான் அன்னைக்கு மாட்டினது... வந்துடுச்சு. தாண்டிடுச்சு அண்ணே! ரெண்டாவது சுற்று... ஒன்றும் இடிக்கலை. வழுவழுன்னு போகுது.

இப்ப டீசல் வராம இருக்க அந்த வயரைக் கழற்றிட்டு வெறும் சுற்று. எண்ணெய் மேலே ஏறணும். அந்தச் சிவப்பு லைட் அணையணும், பாருங்க... அணைஞ்சிடுச்சு. வயரை மாட்டிட்டேன். தள்ளி நில்லுங்க.

ஓடுது! அண்ணே, ஓடுது!

ஆமா, சத்தம் வரும். எட்டும் கத்தும், கொஞ்ச நேரம் கத்தட்டும். பயப்படாதீங்க, கொக்கிகிட்ட போகாதீங்க. எண்ணெய் ஏற ஏற ஒவ்வொன்றா வாயை மூடும். கேளுங்க. ஒன்று குறைஞ்சிடுச்சு. இன்னும் ரெண்டு. இப்ப... இப்பப் பாருங்க. நல்லாக் குறைஞ்சிடுச்சு. வெண்ணெய் மாதிரி இருக்கா?

நல்லா இருக்குன்னு நீங்க சொல்றீங்க. போன் பண்ணிச் சொல்லட்டுமான்னு கேட்கிறீங்க.

இருங்க. இந்த ஸ்க்ரூ டிரைவரை மூடி மேலே ஊன்றி, பிடியைக் காதில் வைங்க. முதல் இடம்... அமைதி. ரெண்டு... அமைதி. இங்கே, மூணு. கேட்குதா? டிக், டிக், டிக். இன்ஜின் வேகத்தில் பாதி. மிச்சம் அஞ்சும் அமைதி. மூணாவது மட்டும் இன்னும் கத்துது.

சில நேரம் பத்து நிமிஷத்தில் அடங்கிடும். அடங்கும். ஆக்சிலேட்டரை இப்படியே கொஞ்சம் மிதிச்சுப் பிடிச்சிருக்கேன், நீங்க காதை எடுக்காதீங்க. அடங்கினா சொல்லுங்க.

அஞ்சு நிமிஷம் ஆச்சா?

பத்து?

எனக்கு இங்கிருந்தே கேட்குது அண்ணே. இறங்கிப் பார்க்கவே வேண்டாம்.

பாட்டைப் போட்டுட்டா கேட்காதுன்னு சொல்றீங்க. சிரிப்பு வருது அண்ணே, கூடவே அழுகையும் வருது. உங்க காதுக்கு நிஜமாவே கேட்கலைன்னு தெரியும். மாமாவுக்கும் கேட்காது, அவருக்கு ஒரு காது மந்தம். நீங்க 'சத்தமில்லை'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வண்டி தன் காலில் போகும், பதினொன்றும் இங்கேயே வரும். போற வழியில் மூணாவதும் தானா அடங்கினாலும் அடங்கிடும். அடங்கலைன்னா? தட்டித் தட்டிக் கேம் ஷாஃப்டைத் தின்னும். இது மூணாறு ஏறி இறங்குற வண்டி. உள்ளே அஞ்சாறு பேர் இருப்பாங்க. கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் நின்னா பிரேக்கும் கல்லாயிடும், ஸ்டியரிங்கும் கல்லாயிடும், உங்களுக்குத் தெரியாதா?

ஏன் மூணாவதுன்னு கேட்கலையே நீங்க. நான் சொல்றேன். காலையில் மூணாவதை டிபன் பாக்ஸில் அழுத்திக்கிட்டு இருக்கும்போதுதான் மாமா போன் பண்ணி, லாரி கிளம்பிடுச்சுன்னார். போனை வைச்சுட்டு வந்து பார்த்தேன். குமிழ் வரலை. அழுத்தாம இருந்தா எப்படி வரும்? பத்துப் பதினைஞ்சு தடவை அழுத்தியிருப்பேன், அவ்வளவுதான். கட்டை விரலை வைச்சுப் பார்த்தேன். இட்லி இல்லை, கல்லும் இல்லை. ரெண்டுக்கும் நடுவில் இருந்தது. போதும்னு எடுத்து மாட்டிட்டேன். மாமா போன் பண்ணாம இருந்திருந்தா சரியா வந்திருக்கும்னு சொல்லலாம். சொல்ல மாட்டேன். மிச்சம் இருபத்தஞ்சு தடவை, அண்ணே. ஒரு நிமிஷ வேலை.

மறுபடி கேமைத் தூக்கி அதை மட்டும் எடுத்து, எண்ணெய் ஏற்றி, மாட்டி, அரை மணி பொறுத்து... மூணு மணி நேரம் கொடுப்பீங்களா? ரெண்டரை?

மலை மேல மெட்டில் ஜீப் ஒன்று குப்புறக் கிடக்கு, ரெண்டு மணிக்குள்ள அங்கே போகணும்னு சொல்றீங்க. சரி. உங்க வேலை உங்களுக்கு. நீங்க இவ்வளவு நேரம் உட்கார்ந்ததே பெரிசு.

ஆஃப் பண்ணிட்டேன். இந்தாங்க சாவி. கொக்கியை மாட்டுங்க. முன் பக்கம் மாட்டுங்க, பின்னால் பம்பர் உள்வாங்கியிருக்கு.

தேனியில் போய்ச் சொல்லிடுங்க, ஹெட்டைத் தூக்க வேண்டாம். வால்வெல்லாம் சரியா இருக்கு, ஏழு டாப்பட்டும் சரியா இருக்கு. கேமைக் கழற்றி மூணாவதை மட்டும் எடுத்தாப் போதும். எழுதித் தரேன், அந்த அட்டையைக் கொடுங்க. கீழே தாரணின்னு போடுறேன். லைட்டுன்னு சொன்னா யாருக்கும் தெரியாது.

அந்தா, அப்பா டிரம்மை விட்டு எழுந்துட்டார். இன்ஜின் நின்னதைக் கேட்டிருப்பார். கையைப் பின்னால் கட்டிக்கிட்டு வர்றார், பாருங்க. அந்த நடை எனக்குத் தெரியும். வந்ததும் உங்க முன்னால் நின்னு, 'தம்பி, அது என்ன ஆச்சுன்னா' என்று ஆரம்பிச்சிடுவார். இதையும் தூக்கித் தன் தலையில் வைச்சுக்குவார். கெட்டுப்போன வேலையாவது என் பேரில் இருக்கக் கூடாதா?

மாமாவுக்குப் போனைப் போடுங்க அண்ணே. சீக்கிரம். ஸ்பீக்கரில் போடுங்க, அப்பா லாரியைச் சுற்றி வர்றதுக்குள்ள.

ரிங் போகுதா? இப்படிக் கொடுங்க.

ஹலோ மாமா, தாரணி பேசுறேன். அப்பா இல்லை, தாரணிதான். மூணாவது டாப்பட்டுல நான் காத்தை எடுக்காம விட்டுட்டேன்.